கல்லூரி மாறுதல்: வேலைக்கு வழியா, பெயருக்கு விலையா?

அப்புக்காத்துமாரையும் பிறக்கிராசிமாரையும் பெருமையோடு பேசிய சமூகம் எம்முடையது. கொழும்பு புதுக்கடையில் கறுப்பு அங்கியோடு வாதாடியவர்களின் பெயர்கள் ஊர்ச் சந்திவரை தெரிந்திருந்தன. புலம்பெயர்ந்தபின் அந்த இடத்தை மருத்துவமும் கணினியும் எடுத்துக்கொண்டன. இப்போது எமது பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மீண்டும் சட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் குடும்பங்களில் இதனோடு ஒரு புதிய கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, இரண்டாம் வருடத்துக்கு இன்னும் பெயர்பெற்ற கல்லூரிக்கு மாறலாமா? மாறினால் வேலை நிச்சயமா?

இருபது வருடங்களுக்கு மேலாக நியூயோர்க், நியூஜேர்சிப் பகுதியில் தஞ்சக் கோரிக்கை வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சென்று வருகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் சட்டத்தரணிகளின் அலுவலகங்களில் காத்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பட்டப்படிப்புக்குக் காணும். நண்பர்களின் பிள்ளைகள் சிலர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றையும் அவர்களிடம் அறிந்தவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுதுவதே இக்கட்டுரை.

முதலில் அமைப்பு முறை. அமெரிக்காவில் சட்டம் என்பது முதற் பட்டத்துக்குப் பின் படிக்கும் மூன்று வருடப் படிப்பு. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் ஏறத்தாழ இருநூறு உள்ளன. முதல் வருடத்தில் ஒப்பந்தம், தீங்கியல், சொத்து, குற்றவியல், குடியியல் நடைமுறை, அரசியலமைப்பு என எல்லாக் கல்லூரிகளிலும் ஏறக்குறைய ஒரே பாடங்கள்தாம். பாடங்கள் ஒன்றாக இருப்பதால்தான் மாறுதல் இலகுவாகிறது. முதல் வருடப் பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்றுக்கொள்ளும், மிகுதி இரண்டு வருடங்களை அங்கு படிக்கலாம், பட்டத்திலும் புதிய கல்லூரியின் பெயரே இருக்கும்.

புள்ளி வழங்கும் முறையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். முதல் வருடப் பாடங்களில் பெரும்பாலான கல்லூரிகள் வகுப்பின் சராசரியை முன்கூட்டியே நிர்ணயித்து வைத்திருக்கின்றன. எல்லோரும் நன்றாக எழுதினாலும் எல்லோருக்கும் உயர்ந்த புள்ளி கிடையாது. ஒருவர் மேலே போக இன்னொருவர் கீழே வரவேண்டும். ஆகவே இங்கு முக்கியமானது புள்ளி அல்ல, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது. வகுப்பின் முதற் பத்து வீதத்துக்குள் வந்தவருக்கே பெரிய கல்லூரிகளின் கதவு திறக்கும்.

இந்தக் கணக்கு எமக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து எடுத்து யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரியில் சேர்த்தவர்கள் நாம். எழுபதுகளில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபின், அதற்கு நேர்மாறாக, உயர்தரப் பரீட்சைக்காகப் பிள்ளையை மன்னாருக்கோ வவுனியாவுக்கோ அனுப்பிய பெற்றோரும் எம்மிடையே இருந்தார்கள். பெயருக்காக ஒரு மாற்றம், இடத்துக்காக இன்னொரு மாற்றம். அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாறுதலில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சிறிய கல்லூரியில் பெற்ற இடத்தைக் கொடுத்துப் பெரிய கல்லூரியின் பெயரை வாங்குவதே இந்த வியாபாரம்.

பெரிய கல்லூரிகள் ஏன் இதற்கு இணங்குகின்றன? திறமைக்கு மதிப்பளிப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பணம். சட்டக் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் பிரபல சஞ்சிகைப் பட்டியல், முதலாம் வருடத்தில் சேரும் மாணவரின் நுழைவுப் பரீட்சைப் புள்ளியையும் முதற் பட்டப் புள்ளியையும் கணக்கில் எடுக்கிறது. இரண்டாம் வருடத்தில் வந்து சேர்பவரின் புள்ளி அந்தக் கணக்கில் வராது. ஆகவே நுழைவுப் பரீட்சையில் புள்ளி குறைந்ததற்காக முதல் வருடத்தில் மறுக்கப்பட்ட அதே மாணவரை அடுத்த வருடம் எந்த நட்டமுமின்றிச் சேர்க்கலாம், கட்டணத்தையும் பெரும்பாலும் முழுமையாக வாங்கலாம். மாறி வருபவர்களுக்குப் புலமைப்பரிசில் கிடைப்பது அரிது. 2022 நவம்பரில் யேல், ஹாவார்ட் சட்டக் கல்லூரிகள் இந்தப் பட்டியலுக்கு ஒத்துழைப்பதில்லை என அறிவித்தன. அதன்பின் பட்டியலில் வேலைவாய்ப்புக்கும் தொழில் அனுமதிப் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் அதிக நிறை கொடுக்கப்பட்டது. மாறி வருபவரின் நுழைவுப் புள்ளி கணக்கில் வராது என்பது மட்டும் மாறவில்லை.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அனுமதிக் கடிதம் வந்ததும் 'பெரிய இடம் பிள்ளையைத் தேடி வந்துவிட்டது' என்று மகிழும் பெற்றோர், அந்தக் கடிதம் ஒரு விலைச்சீட்டும்கூட என்பதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விலையைக் கணக்கிடுவோம். பெயர்பெற்ற தனியார் சட்டக் கல்லூரிகளில் கல்விக்கட்டணம் மட்டும் வருடத்துக்கு எழுபதாயிரம் டொலரைத் தாண்டுகிறது. முதற் கல்லூரியில் முழுப் புலமைப்பரிசிலோடு படித்த பிள்ளை மாறினால், இரண்டு வருடத்துக்கு ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் புதிதாகக் கடன்படுகிறது. வாடகையும் சாப்பாடும் வேறு. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 இலிருந்து புதிதாகக் கடன் எடுக்கும் சட்ட மாணவருக்கு மத்திய அரசு வழங்கும் கடன் வருடத்துக்கு 50,000 டொலர், மொத்தம் 200,000 டொலர் என மட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு மேல் தேவையென்றால் தனியார் வங்கிதான். அங்கே வட்டியும் கூட, பிணை நிற்க ஆளும் வேண்டும். எமது குடும்பங்களில் அந்தப் பிணை யாரின் வீட்டின்மீது விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மாறுவதைத் தவிர வேறு வழியில்லாத பிள்ளைகளும் உண்டு. சில கல்லூரிகள் புலமைப்பரிசிலை நிபந்தனையோடு கொடுக்கின்றன. குறிப்பிட்ட சராசரிக்குக் கீழே போனால் அது பறிபோகும். சராசரி முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட வகுப்பில், புலமைப்பரிசிலோடு வந்தவர்களில் ஒரு பகுதியினர் அதை இழந்தே தீரவேண்டும் என்பது வெறும் கூட்டல் கழித்தல். எத்தனை பேர் இழந்தார்கள், எத்தனை பேர் மாறி வந்தார்கள், மாறிச் சென்றார்கள் ஆகிய விபரங்களைக் கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் வெளியிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் 509 ஆம் இலக்க விதி. கணிசமான தொகையினர் மாறி வந்த கல்லூரி, அவர்கள் எந்தெந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தார்கள், முதல் வருடத்தில் என்ன சராசரி எடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எவரும் பார்க்கலாம். கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தை வாசிக்க முன்னர் அந்த அட்டவணையை வாசியுங்கள்.

இனி வேலை. சட்ட வேலை என்று ஒன்று இல்லை. குறைந்தது மூன்று வேறு சந்தைகள் இருக்கின்றன. மாறுதல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது.

முதலாவது, பெரு நிறுவனங்கள். நியூயோர்க், வோஷிங்டன், சிக்காகோ போன்ற நகரங்களில் நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகளை வைத்திருக்கும் இவை, 2023 இறுதியிலிருந்து முதல் வருடச் சட்டத்தரணிக்கு 225,000 டொலர் சம்பளம் என்ற அளவைப் பின்பற்றத் தொடங்கின. இவை ஆள் எடுப்பது பட்டம் பெற்றபின் அல்ல. இரண்டாம் வருடம் முடிந்த கோடையில் பயிற்சிக்கு எடுத்து, அதிலிருந்தே நிரந்தரமாக்கிக்கொள்கின்றன. அந்தப் பயிற்சி இடத்துக்கான நேர்முகம் முன்னர் இரண்டாம் வருடம் தொடங்கும் ஓகஸ்ட் மாதத்தில், கல்லூரியின் ஏற்பாட்டில் நடக்கும். மாறி வந்த மாணவர் பழைய கல்லூரியின் புள்ளியோடு புதிய கல்லூரியின் நேர்முக வரிசையில் நிற்கலாம். மாறுதலின் முழு இலாபமும் இந்த ஒரு வாரத்தில்தான் இருந்தது.

இந்த ஒழுங்கு இப்போது குலைந்துவிட்டது. ஆட்சேர்ப்புக் கால அட்டவணைக்கு வழிகாட்டுதல் வைத்திருந்த சட்ட வேலைவாய்ப்புக்கான தேசிய சங்கம், 2018 டிசம்பரில் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அதன்பின் நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, முதல் வருடப் பெறுபேறு வந்த கையோடு, சில அதற்கும் முன்னர், நேரடியாக ஆள் எடுக்கின்றன. மாறுதல் அனுமதிகளோ பெரும்பாலும் ஜூனிலும் ஜூலையிலும் வருகின்றன. புதிய கல்லூரியின் அடையாள அட்டை கையில் கிடைக்கும்போது பல கதிரைகள் நிரம்பிவிட்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞன் இதை விளங்கிக்கொண்டு நடந்தான். அனுமதிக்குக் காத்திராமல், மே மாதத்திலேயே தன் பழைய கல்லூரியின் பெயரோடும் வகுப்பில் தன் இடத்தோடும் நிறுவனங்களுக்கு நேரடியாக எழுதினான். மாறுதல் உறுதியானதும் இன்னொரு கடிதம் போட்டான். அவனுக்கு வேலை கிடைத்தது. கிடைத்தது மாறியதாலா, முந்தி எழுதியதாலா என்று கேட்டேன். "இரண்டாலும்தான் மாமா" என்றான். இருக்கலாம்.

இரண்டாவது, நீதிபதிகளின் கீழ் ஓரிரு வருடம் உதவியாளராக வேலை பார்ப்பது. பேராசிரியர் வேலைக்கும் மேல் நீதிமன்றங்களில் வாதாடுவதற்கும் இது ஏணி. இங்கு கல்லூரியின் பெயர் உதவும், ஆனால் பெயர் மட்டும் போதாது. நீதிபதி பேராசிரியரின் கடிதத்தைப் பார்க்கிறார். மாறி வருபவரின் பழைய புள்ளிகள் பெரும்பாலான கல்லூரிகளில் புதிய சராசரியில் சேர்க்கப்படுவதில்லை. சில கல்லூரிகளில் கௌரவப் பட்டியலில் இடம்பெறுவதற்கும் தடையுண்டு. மாணவர் நடத்தும் சட்ட ஆய்விதழில் சேரத் தனியாக எழுதிப் போட்டியிட வேண்டும். பெயர் பெரிதாகிறது, ஆனால் அந்தப் பெயருக்குள் அவரை அறிந்தவர் எவருமில்லை.

மூன்றாவது, பொதுநல வேலை: இலவசச் சட்ட உதவி, அரச செலவில் எதிரிகளுக்காக வாதாடும் அலுவலகங்கள், குடிவரவு வழக்குகள். அமெரிக்காவில் குடிவரவு நீதிமன்றத்துக்கு வருபவருக்குச் சட்டத்தரணி வைக்க உரிமை உண்டு, ஆனால் அரச செலவில் அல்ல. இந்த இடைவெளியை நிரப்பவே நியூயோர்க் நகரம் 2013 இல் தடுப்புக்காவலில் உள்ளவர்களுக்கு நகரின் பணத்தில் சட்டத்தரணி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய இடங்களில் ஆரம்பச் சம்பளம் பெரு நிறுவனச் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கை ஒட்டியோ அதற்குக் கீழோதான் பெரும்பாலும் இருக்கும். பத்து வருடம் பொதுச்சேவையில் இருந்து 120 தவணை கட்டினால் மிகுதி மத்திய அரசுக் கடனைத் தள்ளுபடி செய்யும் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு கைகொடுக்கும். தனியார் வங்கிக் கடனுக்கு அது பொருந்தாது. இந்த அலுவலகங்கள் ஆள் எடுக்கும்போது பார்ப்பது, கல்லூரியின் இலவச வழக்குதவிப் பிரிவில் உண்மையான கட்சிக்காரரோடு வேலை செய்தாரா, கோடையில் எங்கே நின்றார், எந்த மொழி தெரியும் என்பவற்றை. இன்னொன்று: குடிவரவுச் சட்டம் மத்திய அரசின் சட்டம். எந்த ஒரு மாநிலத்தில் சட்டத்தரணியாகப் பதிந்தவரும் நாட்டின் எந்தக் குடிவரவு நீதிமன்றத்திலும் தோன்றலாம். நான் மொழிபெயர்த்த வழக்குகளில், "உங்கடை லோயர் எங்கை படிச்சவர்?" என்று எந்தத் தமிழ்க் கட்சிக்காரரும் கேட்டதில்லை. "நான் சொல்லுறதை அவர் முழுக்கக் கேட்டவரோ?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இங்கு ஒரு பிள்ளையின் அனுபவத்தைச் சொல்லவேண்டும். நண்பரொருவரின் மகள். அகதிகளுக்காக வாதாட வேண்டும் என்ற எண்ணத்தோடு, கட்டணமில்லாமல் ஒரு சாதாரணக் கல்லூரியில் சேர்ந்து, வகுப்பில் முதல் ஐவருக்குள் வந்தாள். பெரிய கல்லூரியொன்றில் மாறுதல் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். அவள் மட்டும் என்னிடம், "மாமா, இஞ்சை மூண்டு புரொபெசர்மாருக்கு என்னைத் தெரியும். அங்கை போனால் என்னை ஆருக்குத் தெரியும்?" என்றாள். அதைத் தகப்பனிடமும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஆனாலும் போனாள். அங்கே வழக்குதவிப் பிரிவின் இடங்கள் வசந்தகாலத்திலேயே பங்கிடப்பட்டு முடிந்திருந்தன. ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. படிப்பை நல்லபடி முடித்து, இன்று ஒரு சிறிய குடிவரவு அலுவலகத்தில், தான் விரும்பிய வேலையையே செய்கிறாள். அந்த அலுவலகம் அவளை எடுத்தது தமிழ் தெரியும் என்பதற்காக, முதல் வருடக் கோடையில் அங்கே நின்றாள் என்பதற்காக. இரண்டும் மாற முன்னரே அவளிடம் இருந்தவை. கடன் மட்டும் பின்னர் வந்தது.

மாறுதல் வீண் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். மாறுதலின் வரலாற்றில் மிகப் பெரிய பெயர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க். 1956 இல் ஹாவார்ட் சட்டக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணவருக்கு நியூயோர்க்கில் வேலை கிடைத்ததால் 1958 இல் மூன்றாம் வருடத்துக்குக் கொலம்பியாவுக்கு மாறினார். கொலம்பியாவில் கடைசி வருடத்தைப் படித்துக்கொண்டு ஹாவார்ட் பட்டத்தைப் பெற அனுமதி கேட்டார். பீடாதிபதி ஏர்வின் கிறிஸ்வோல்ட் மறுத்துவிட்டார். 1959 இல் கொலம்பியாவில் முதலிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு வெளியேறினார். இரண்டு கல்லூரிகளின் ஆய்விதழ்களிலும் இருந்தவர். இருந்தும் நியூயோர்க்கின் எந்தச் சட்ட நிறுவனமும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. யூதர், பெண், நான்கு வயதுப் பிள்ளையின் தாய். உச்ச நீதிமன்ற நீதியரசர் பீலிக்ஸ் பிராங்ஃபேர்ட்டரும் அவரை உதவியாளராக எடுக்க மறுத்தார்.

கதவைத் திறந்தவர் ஜெரால்ட் குந்தர் என்ற கொலம்பியாப் பேராசிரியர். நீதிபதி எட்மண்ட் பல்மியேரியிடம் போய், இந்தப் பெண்ணுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்காவிட்டால் இனிமேல் எந்தக் கொலம்பியா மாணவரையும் உமக்குச் சிபாரிசு செய்யமாட்டேன் என்று சொன்னார். சரிவராவிட்டால் மாற்றாள் தருவதாகவும் பொறுப்பேற்றார். பல்மியேரி எடுத்தார். இரண்டு வருடம் வைத்திருந்தார். 1993 இல் கின்ஸ்பேர்க் உச்ச நீதிமன்ற நீதியரசரானார். பட்டம் மறுத்த ஹாவார்ட் 2011 இல் கௌரவப் பட்டம் வழங்கியது.

எம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இதற்குள் இருக்கிறது. மறுத்த பிராங்ஃபேர்ட்டர் சிறுவயதில் வியன்னாவிலிருந்து வந்து குடியேறியவர். திறந்துவிட்ட குந்தர் 1938 இல் நாசி ஜேர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்த சிறுவன். உள்ளே வந்தபின் கதவைச் சாத்துவதா, பிடித்துக்கொண்டு நிற்பதா என்பது வந்த வழியால் தீர்மானிக்கப்படுவதில்லை.

எனது வாதம் இதுதான். இரண்டு பெரிய கல்லூரிகளின் பெயரும் முதலிடமும் சேர்ந்து கின்ஸ்பேர்க்குக்கு வேலை எடுத்துக் கொடுக்கவில்லை. அவரை அறிந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தார். மாறுபவர் பெயரை வாங்கும்போது, தன்னை அறிந்தவர்களை விட்டுச் செல்கிறார். அந்த இழப்பை எவ்வளவு விரைவாக ஈடுசெய்ய முடியும் என்பதே கேள்வி. கின்ஸ்பேர்க் ஒரே வருடத்தில் ஈடுசெய்தார். எல்லோராலும் அது முடியாது. ஊரை விட்டு வந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே ஆசிரியராக, அதிபராக, சட்டத்தரணியாக இருந்தவர்கள் இங்கே எரிபொருள் நிலையத்தில் நின்றது அவர்களின் அறிவு கடலில் விழுந்ததால் அல்ல. அறிந்தவர்கள் இல்லாததால்.

ஆகவே மாற நினைப்பவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பெரு நிறுவன வேலைதான் நோக்கமென்றால், மாறுதலுக்கு இன்னும் பொருளுண்டு. ஆனால் அனுமதிக்குக் காத்திராமல் நேரடியாக எழுதவேண்டும். பொதுநல வேலையென்றால், கடனில்லாத கல்லூரியும் நல்ல வழக்குதவிப் பிரிவும் பெரிய பெயரை விட மதிப்பானவை. மாறுவதானால் அனுமதி வந்த அன்றே வழக்குதவிப் பிரிவு, ஆய்விதழ் ஆகியவற்றின் திகதிகளை விசாரியுங்கள். பழைய பேராசிரியர்களை முறித்துக்கொள்ளாதீர்கள். மாறுதல் விண்ணப்பத்துக்கே பெரும்பாலும் அவர்களின் கடிதம் தேவை. மறைமுகமாக அல்ல, காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். மாறும் எண்ணத்தைச் சொல்லி, இருக்கும் கல்லூரியிடமே புலமைப்பரிசிலைக் கூட்டிக் கேட்டவர்களும் உண்டு.

கடைசியாகப் பத்திரங்கள். சட்டத்தரணியாகப் பதியும்போது நன்னடத்தை விசாரணை உண்டு. படித்த ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் விசாரிக்கப்படும். இரண்டு கல்லூரிகளுக்குக் கொடுத்த விண்ணப்பங்களும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறியவர்கள், அகதிப் பதிவில் பிறந்த திகதி பிழைத்தவர்கள் எம்மிடையே பலர். முதல் விண்ணப்பத்திலேயே விளக்கத்தை எழுதிவைப்பது நல்லது. குடியுரிமை இல்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. சட்டத்தரணியாவதற்குக் குடியுரிமை நிபந்தனையாக இருக்க முடியாது என்று, கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு நெதர்லாந்துப் பெண் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கனடாவுக்குத் திரும்ப எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். எத்தனை பெரிய அமெரிக்கக் கல்லூரியானாலும், அங்கே தேசிய மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டுக்குப் போய்க் கனடியச் சட்டப் பாடங்களில் சித்தியடைந்தே ஆகவேண்டும்.

மாறி நன்மை அடைந்தவர்களும், மாறாமல் நின்று நன்மை அடைந்தவர்களும் இப்பக்கங்களில் எழுதவேண்டும். பெற்றோரின் மனதில் இருப்பது ஹாவார்ட், யேல் என்ற நாலைந்து பெயர்கள் மட்டுமே. இளையவர்களின் கணக்குகள் எழுத்தில் வராதவரை அது மாறாது. இன்னொன்றையும் விவாதத்துக்கு வைக்கிறேன். எமது சமூகத்தில் இன்று இந்த நாடுகளின் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். விழா மேடைகளில் பொன்னாடை போர்த்தி அவர்களை உட்கார்த்துகிறோம். அவர்களில் எத்தனை பேர் ஒரு மாணவிக்காகத் தொலைபேசியை எடுத்து, "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள்? கல்லூரி மாறுவதைவிட அந்த ஒரு அழைப்புக்குச் செலவு குறைவு.